சீனத் தூதரின் முந்தைய பதவிகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இந்தியாவுக்கான சீனத் தூதர் ஷு ஃபெய்ஹோங் தெரிவித்த கருத்துகளைத் தங்கள் நாளிதழ் அண்மைக் காலத்தில் பலமுறை வெளியிட்டிருக்கிறது. விசா, நேரடி விமானப் போக்குவரத்து, கைலாய யாத்திரை, அமெரிக்காவின் இறக்குமதி வரி என அவர் பேசியவற்றில் முக்கியமானவை விடுபடவில்லை. செய்திகளில் பிழை இருந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. ஆயினும் அந்த மனிதர் யார், தில்லிக்கு வருமுன் எந்தெந்த நாடுகளில் பணியாற்றினார், அவரைப் பெய்ஜிங் இங்கே அனுப்பியதில் ஏதேனும் பொருள் உண்டா என்பது குறித்து ஒரு வரியையும் நான் படித்ததில்லை. சில செய்திகளில் பெயர்கூட இல்லாமல் ‘சீனத் தூதர்’ என்ற அளவோடு நின்றுவிட்டது. சீனத் தூதரகம் அமைந்துள்ள சாணக்கியபுரிக்குப் பக்கத்துப் பேட்டையான ராமகிருஷ்ணபுரத்தில் நெடுங்காலமாக வசிப்பவன், பிழைப்புக்காக ஆங்கிலத்தாள்களையும் மனநிறைவுக்காகத் தமிழ்த் தாள்களையும் படிப்பவன் என்ற முறையில், இந்தக் குறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஒரு தூதர் சொல்வது அவருடைய அரசு சொல்லச் சொன்னதுதானே, அவருடைய வாழ்க்கைக் குறிப்பு எதற்கு என்று கேட்கலாம். சீனாவைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு விடை, அவர் பேச்சில் இருப்பதைவிட அவர் வகித்த பதவிகளின் வரிசையில் அதிகம் இருக்கிறது என்பதே. அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின்படி, தேசிய மக்கள் பேராயத்தின் நிலைக்குழு முடிவு செய்ய, குடியரசுத் தலைவர் தூதர்களை நியமிக்கிறார். நடைமுறையில் அது கட்சியின் முடிவு. யாரை, எங்கிருந்து எடுத்து, எங்கே அனுப்புவது என்பதற்கு அங்கே யாரும் காரணம் சொல்வதில்லை. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பவோ, பத்திரிகையாளர் துருவிக் கேட்கவோ வழியில்லாத ஓர் அமைப்பில், நியமனமே வெளியுலகம் படிக்கக் கிடைக்கும் அறிக்கையாகிறது.

மக்கள் சீனம் தில்லிக்கு அனுப்பிய முதல் தூதரிடமிருந்தே இதைப் பார்க்கலாம். 1950 ஏப்ரல் 1 அன்று இந்தியா மக்கள் சீனத்துடன் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது. பொதுவுடைமை முகாமைச் சேராத நாடுகளில் அவ்வாறு செய்த முதல் நாடு இதுவே. அந்த ஆண்டு இங்கே தூதராக வந்த யுவான் சோங்ஷியன் ஒரு ராணுவத் தளபதி. முந்தைய ஆண்டுதான் யாங்சி ஆற்றில் சிக்கிக்கொண்ட அமெதிஸ்ட் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் விவகாரத்தில் சீனப் படையின் தரப்பில் நின்றவர். புதிய அரசு அப்போது உலகெங்கும் அனுப்பிய முதல் தூதர்களில் பலர் இவரைப் போலவே போர்க்களத்திலிருந்து நேராக வந்தவர்கள். அதற்குமுன் சீனாவை ஆண்ட கோமிந்தாங் கட்சியின் பழைய தூதர்களை நம்ப முடியாத நிலையில், மொழியும் மரபும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, விசுவாசம் உறுதியாக இருக்க வேண்டும் என்ற முடிவு அந்தப் பெயர்ப் பட்டியலிலேயே எழுதப்பட்டிருந்தது.

அடுத்து வந்த பான் சிலி 1956 முதல் 1962 வரை இங்கே இருந்தார். தலாய் லாமா இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சில வாரங்களில், 1959 மே 16 அன்று, வெளியுறவுச் செயலர் சுபிமல் தத்தைச் சந்தித்து அவர் வாசித்த அறிக்கை இரு நாட்டு உறவின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. கிழக்கே அமெரிக்காவைப் பகைத்துக்கொண்டு மேற்கே இந்தியாவையும் பகைத்துக்கொள்ளும் அளவுக்குச் சீனா அறிவற்ற நாடு அல்ல என்பது அதன் சாரம்; இந்தியாவும் இரு முனைகளை விரும்பாது என்று கருதுவதாகவும் அதில் ஒரு குறிப்பு இருந்தது. அதை நம் அதிகாரிகள் அப்போது மிரட்டலாக எடுத்துக்கொண்டு கடுமையாகவே பதில் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் போர் வந்தது. இரு தலைநகரங்களிலும் தூதர் இல்லாத காலம் 1976 வரை நீடித்தது. அந்த ஆண்டில்தான் கே.ஆர். நாராயணன் பெய்ஜிங்குக்கும் சென் சாவ்யுவான் தில்லிக்கும் வந்தார்கள். இடையில் 1967 ஜூனில், நம் தூதரக அதிகாரிகள் இருவர் பெய்ஜிங்கிலிருந்து அவமானப்படுத்தி வெளியேற்றப்பட்டபோது, சாணக்கியபுரியில் சீனத் தூதரகத்தின்மீது கூட்டம் பாய்ந்ததை இங்குள்ள பழைய தலைமுறையினர் சிலர் இன்றும் சொல்வார்கள். பண்பாட்டுப் புரட்சியின் கொந்தளிப்பில், அதே ஆண்டில் சீனா தன் தூதர்கள் எல்லோரையும் நாட்டுக்குத் திருப்பியழைத்துக்கொண்டது. கெய்ரோவில் இருந்த ஹுவாங் ஹுவா ஒருவர் மட்டுமே தம் பதவியில் நீடித்தார்.

பழங்கதை போதும். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது லுவோ சாவ்ஹுய் என்பவரைப் பற்றி. 2016 முதல் 2019 வரை தில்லியில் சீனத் தூதராக இருந்தவர் இவர். தமிழ்ச் செய்தித்தாள்களில் அவர் பெயர் வந்தது, பூட்டானையொட்டிய டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற நாட்களில்தான். 2017 ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்ட் 28 வரை நீடித்த அந்த நெருக்கடியின்போது, இந்தியப் படை பின்வாங்குவதே பேச்சுக்கு முன்நிபந்தனை, முடிவு இந்தியாவின் கையில் என்று செய்தி நிறுவனத்துக்குப் பேட்டி கொடுத்தவர் என்ற அளவில் அவரை நாம் அறிந்தோம். நெருக்கடி தீர்ந்த ஒரு மாதத்தில் நடந்த சீனத் தேசிய நாள் விழாவில் பழைய பக்கத்தைப் புரட்டிவிட்டுப் புதிய அத்தியாயத்தைத் தொடங்குவோம் என்று அவர் பேசியதும் செய்தியானது. இரண்டையும் படித்த ஒரு வாசகர், பெய்ஜிங் சொன்னபோது கடிந்தும் சொன்னபோது குழைந்தும் பேசும் ஒருவர் என்றே அவரை எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆனால் அவருடைய பணி வரலாறு வேறு படத்தைக் காட்டுகிறது. பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர். வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே, 1980களின் இறுதியில், இளநிலை அதிகாரியாகத் தில்லிக்கு அனுப்பப்பட்டார். ராஜீவ் காந்தியின் 1988 டிசம்பர் சீனப் பயணத்துக்குப் பிந்தைய காலம் அது. பெய்ஜிங்கில் அப்போது நம் தூதராக இருந்தவர் சி.வி. ரங்கநாதன் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டலாம். பின்னர் லுவோ பாகிஸ்தானில் தூதரானார். 2007 ஜூனில் இஸ்லாமாபாத் லால் மசூதியைச் சேர்ந்தவர்கள் ஒரு மசாஜ் நிலையத்தில் புகுந்து சீனர்களைக் கடத்திச் சென்றபோது, அவர்களை மீட்பதற்காகப் பாகிஸ்தான் அரசியல் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். சீனர்கள் விடுவிக்கப்பட்டார்கள்; அடுத்த மாதம் பாகிஸ்தான் ராணுவம் மசூதிக்குள் நுழைந்தது. சீனாவின் நெருங்கிய நண்பன் எனப்படும் நாட்டின் தலைநகரிலேயே சீனக் குடிமக்களுக்குப் பாதுகாப்பில்லை என்பதை நேரில் கண்டவர் அவர். அதன்பின் வெளியுறவு அமைச்சகத்தில் வெளிநாட்டுப் பாதுகாப்பு விவகாரங்களுக்கான பிரிவுக்கும், பிறகு ஆசியப் பிரிவுக்கும் தலைமை வகித்து, கனடாவில் தூதராக இருந்துவிட்டுத்தான் தில்லிக்கு வந்தார்.

இந்த வரலாறு தெரிந்தால், தில்லியில் அவர் பேசிய இரண்டு பேச்சுகள் வேறு விதமாகப் புரியும். முதலாவது 2017 மே மாதம் தில்லியிலுள்ள ஒரு ராணுவ ஆய்வு நிறுவனத்தில் அவர் ஆற்றிய உரை. சீன-பாகிஸ்தான் பொருளாதார வழித்தடம் காஷ்மீரின் பாகிஸ்தான் ஆக்கிரமிப்புப் பகுதி வழியாகச் செல்வதால் இந்தியா அதை எதிர்த்து வந்த நேரம். வேண்டுமானால் அந்தத் திட்டத்தின் பெயரையே மாற்றுவது பற்றி யோசிக்கலாம் என்று அவர் சொன்னார். கேட்டவர்கள் வியந்தார்கள்; இஸ்லாமாபாத் பதறியது; சில நாட்களில் தூதரக வலைத்தளத்தில் இருந்த உரையில் அந்தப் பகுதி மட்டும் காணாமல் போனது. மற்ற பத்திகள் எல்லாம் அப்படியே இருந்தன. இரண்டாவது 2018 ஜூனில், வூஹானில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த இரண்டு மாதங்களுக்குள் நடந்தது. ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் குடையின்கீழ் இந்தியா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் கூடிப் பேசலாம் என்று அவர் ஒரு கருத்தரங்கில் கூறினார். பாகிஸ்தானுடனான உறவு முற்றிலும் இருதரப்பு உறவு, மூன்றாம் நாட்டுக்கு அதில் இடமில்லை, சீன அரசிடமிருந்து அப்படியொரு யோசனை வரவில்லை, இது தூதரின் சொந்தக் கருத்தாகவே கருதப்படும் என்று நம் வெளியுறவு அமைச்சகம் உடனே மறுத்தது.

எழுதிக் கொடுத்ததைப் படிப்பவரே தூதர் என்ற கருத்து இந்த இரண்டு இடங்களிலும் பொருந்தவில்லை. இஸ்லாமாபாதில் மூன்று நான்கு ஆண்டுகள் தூதராக இருந்து, அங்கே சீனாவுக்கு என்னென்ன கிடைக்கும், என்னென்ன கிடைக்காது என்று அறிந்த ஒருவர், தில்லியில் ஆழம் பார்க்கிறார். அந்த யோசனைகளைப் பெய்ஜிங் சொல்லச் சொன்னதா, அவரே சொல்லிப் பார்த்தாரா என்று உறுதியாகக் கூற எவராலும் இயலாது. ஆனால் அவர் வேறு எந்த நாட்டிலிருந்தும் வந்திருந்தால் அந்த யோசனைகள் அவர் வாயில் வந்திருக்க வாய்ப்பில்லை என்பது என் கணிப்பு. அக்காலத்துத் தமிழ்ச் செய்திகளில் ‘சீனத் தூதரின் யோசனையை இந்தியா நிராகரித்தது’ என்ற தலைப்புதான் இருந்தது. அவர் பாகிஸ்தானில் தூதராக இருந்தவர் என்று சேர்த்திருந்தால் நான்கைந்து சொற்கள் கூடியிருக்கும், அவ்வளவே.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, தூதர் விமானம் ஏறிய நாளோடு நம் பத்திரிகைகள் அவரை மறந்துவிடுவது. 2019இல் தில்லியை விட்டுப் போன லுவோ துணை வெளியுறவு அமைச்சரானார். 2021இல் சீனப் பன்னாட்டு வளர்ச்சி ஒத்துழைப்பு முகமையின் தலைவரானார். பிற நாடுகளுக்குச் சீனா தரும் உதவிகளைக் கவனிப்பதற்காக 2018இல் உருவாக்கப்பட்ட அமைப்பு அது. அந்த முகமை 2022 நவம்பர் 21 அன்று குன்மிங் நகரில் இந்தியப் பெருங்கடல் பகுதி நாடுகளின் வளர்ச்சி ஒத்துழைப்பு மன்றம் ஒன்றைக் கூட்டியது. 19 நாடுகள் கலந்துகொண்டதாகச் சீனா அறிவித்தது. இந்தியாவுக்கு அழைப்பில்லை. தாங்கள் அரசு முறையில் கலந்துகொள்ளவில்லை என்று ஆஸ்திரேலியாவும் மாலத்தீவும் பின்னர் மறுத்தன. இந்தியாவை விட்டுவிட்டு இந்தியப் பெருங்கடலைப் பற்றி ஒரு கூட்டம் நடத்திய நிறுவனத்தின் தலைவர், தம் இளமைக் காலத்திலும் பிறகு தூதராகவும் தில்லியில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, நம் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் நேரில் அறிந்தவர். தற்செயலாக விடுபட்ட அழைப்பு இது என்று நினைப்பதற்கு இனி இடமுண்டா? கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள கடலைப் பற்றிய அந்தச் செய்தியில், தில்லியின் முன்னாள் சீனத் தூதர்தான் அதை நடத்தினார் என்ற ஒரு வரியைத் தமிழ்ப் பத்திரிகை எதிலும் நான் காணவில்லை.

அவருக்குப் பின் வந்த சுன் வெய்தோங்கும் பாகிஸ்தானில் தூதராக இருந்துவிட்டு வந்தவர்தான். 2013 முதல் 2017 வரை அங்கே இருந்த அவருடைய காலத்தில்தான், 2015 ஏப்ரலில், ஷி ஜின்பிங் இஸ்லாமாபாத் சென்று பொருளாதார வழித்தடத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முன்னர் இங்கே தூதராக இருந்த சோவ் காங்கும் பாகிஸ்தானில் தூதராக இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தில்லிக்கு அனுப்ப வேண்டியவரை இஸ்லாமாபாதில் பழக்கி அனுப்பும் வழக்கம் ஒன்று இருந்தது புலப்படும். இந்தியாவைப் பாகிஸ்தானோடு இணைத்துப் பார்க்காதே என்று நாம் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்க, பெய்ஜிங் தன் ஆட்களை அந்த வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. இதற்கு எளிமையான காரணமும் இருக்கலாம்: தெற்காசியாவை அறிந்த அதிகாரிகளுக்கு அந்தப் பிரிவில் உள்ள பெரிய பதவிகள் இவை இரண்டும்தான். எப்படியிருந்தாலும் வாசகருக்குத் தெரிய வேண்டிய செய்திதானே அது?

சுன் வெய்தோங் இங்கே இருந்தபோதுதான் 2019 அக்டோபரில் மாமல்லபுரச் சந்திப்பு நடந்தது. எட்டு மாதங்களில் கல்வான் மோதல். 2020 ஜூன் 15 இரவில் இறந்த இருபது இந்திய வீரர்களில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அர்ஜுனன் தபசின் முன் இரு தலைவர்களும் நின்ற படத்தை முதல் பக்கத்தில் அச்சிட்ட அதே தமிழ்த் தாள்கள் பழனியின் படத்தையும் முதல் பக்கத்தில் அச்சிட்டன. அந்த இரண்டு முதல் பக்கங்களுக்கும் இடையில் தில்லியில் சீனாவின் குரலாக இருந்தவர் ஒரே ஆள். சீனாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள், அவர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் பலர், விசா கிடைக்காமல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டிலிருந்தபடி கணினித் திரையில் உடற்கூற்றியல் படித்துக்கொண்டிருந்ததும் அவர் காலத்தில்தான். மாணவர் விசா மீண்டும் தொடங்கப்பட்டது 2022 ஆகஸ்ட் இறுதியில். அக்டோபரில் அவர் விடைபெற்றார். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் கிடையாது, மும்பையிலும் கொல்கத்தாவிலும் மட்டுமே உண்டு என்பதால், தமிழகத்துப் பெற்றோரின் கவலை வந்து சேர்ந்த இடம் பெரும்பாலும் தில்லிதான்.

விடைபெற்றவர் எங்கே போனார்? துணை வெளியுறவு அமைச்சராக, ஆசியாவைக் கவனிக்கும் பொறுப்போடு, நம் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியின் எதிரிருக்கைக்குப் போனார். 2025இல் பெய்ஜிங்கிலும் தில்லியிலும் நடந்த பேச்சுகளில் இந்தியத் தரப்பில் மிஸ்ரி, சீனத் தரப்பில் சுன். கல்வான் நடந்த நாளில் மிஸ்ரி பெய்ஜிங்கில் நம் தூதர். சுன் தில்லியில் அவர்கள் தூதர். மோதலின்போது ஒருவர் தலைநகரில் மற்றவர் இருந்து கண்டன அறிக்கைகளைப் பெற்றுக்கொண்ட அதே இருவர், ஐந்தாண்டு கழித்து உறவைச் சீராக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவு சுவையான செய்தியைத் தமிழில் யாரும் எழுதாமல் விட்டதேன் என்று எனக்குப் புரியவில்லை. நம் பக்கமும் இதே வழக்கம்தான்: சிவசங்கர் மேனன், நிருபமா ராவ், ஜெய்சங்கர், விஜய் கோகலே, மிஸ்ரி என்று பெய்ஜிங்கில் தூதராக இருந்தவர்கள் பலர் பின்னர் வெளியுறவுச் செயலர் ஆகியிருக்கிறார்கள். ஜெய்சங்கர் அமைச்சரானபோது அவர் பெய்ஜிங்கில் இருந்த ஆண்டுகளைத் தங்கள் நாளிதழ் மறவாமல் குறிப்பிட்டது. எதிர்ப்பக்கத்துக்கு மட்டும் ஏன் அந்த அக்கறை இல்லை?

சுன் வெய்தோங் போன பின் ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் தில்லியில் சீனத் தூதர் இல்லை. 1976க்குப் பிறகு இத்தனை நீண்ட இடைவெளி இருந்ததில்லை. 2024 மே 10 அன்றுதான் ஷு ஃபெய்ஹோங் வந்து இறங்கினார். அவர் தூதராக இருந்த நாடுகள் ஆப்கானிஸ்தானும் ருமேனியாவும். இஸ்லாமாபாத் அவர் வழியில் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று எல்லைக் கண்காணிப்புக்கான உடன்பாடு அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து ரஷ்யாவின் கசானில் இரு தலைவர்களும் சந்தித்தார்கள். 2025 கோடையில் கைலாய யாத்திரையும் அக்டோபர் இறுதியில் நேரடி விமானமும் மீண்டும் தொடங்கின. இவற்றையெல்லாம் அவர் சாதித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் பெயரை அறிவித்த நாளிலேயே, பெய்ஜிங் கதவைத் திறக்கத் தயாராகிறது என்று ஊகிக்க இடமிருந்தது. காலியாக வைத்திருந்த நாற்காலியும் ஒரு செய்தி, அதை நிரப்பியதும் ஒரு செய்தி.

இந்த வாதத்தை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. பதவி வரிசையை வைத்துக்கொண்டு ஜாதகம் கணிப்பதுபோல் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது. வாஷிங்டனில் ஒன்றரை ஆண்டே தூதராக இருந்த சின் காங், 2022 டிசம்பர் இறுதியில் வெளியுறவு அமைச்சராக உயர்த்தப்பட்டு, அடுத்த ஜூனுக்குப் பிறகு பொதுவெளியில் காணப்படாமல், 2023 ஜூலை 25 அன்று நீக்கப்பட்டார். காரணத்தை இன்றுவரை சீனா சொல்லவில்லை. லுவோவுக்கு முன் தில்லியில் இருந்த லே யூசெங்கை அடுத்த வெளியுறவு அமைச்சர் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். 2022இல் அவர் வானொலி, தொலைக்காட்சி நிர்வாகத்துக்கு மாற்றப்பட்டார். அந்த அமைப்புக்குள் நடப்பது வெளியே தெரியாது.

ஆனால் ஒன்று தெரியும். வெளிநாட்டில் கடுமையாகப் பேசியதற்காக அங்கே பொதுவாக ஒருவரின் பணி வாழ்க்கை கெடுவதில்லை. 2006 நவம்பரில், சீன அதிபர் ஹு ஜின்டாவ் தில்லி வருவதற்கு ஒரு வாரம் இருக்கையில், அருணாசலப் பிரதேசம் முழுவதும் சீனாவின் நிலப்பரப்பு என்று தொலைக்காட்சியில் சொன்ன, அப்போது தில்லியில் சீனத் தூதராக இருந்த சுன் யூஷியை நினைவிருக்கலாம். அருணாசலம் இந்தியாவின் பிரிக்க முடியாத பகுதி என்று வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி பதிலளித்தார். பெரிய கொந்தளிப்பு. அந்தத் தூதருக்கு வந்த கேடு என்ன? இத்தாலியில் தூதர், போலந்தில் தூதர், 2014இல் ஆப்கானிஸ்தானுக்கான சீன அரசின் சிறப்புத் தூதர். தலிபான் வீழ்ந்தபின் காபூலில் சீனத் தூதராக இருந்தவரும் அவரே என்பதால் அந்தக் கடைசிப் பதவி இயல்பாகப் பொருந்தியது. பாரிசில் தூதராக இருந்த லூ ஷாயே, முன்னாள் சோவியத் நாடுகளின் இறையாண்மையையே ஐயுறும் விதத்தில் 2023 ஏப்ரலில் பேசி ஐரோப்பாவைக் கொதிக்கவைத்தபோது, பெய்ஜிங் அவர் கருத்திலிருந்து விலகி நின்றது. 2025இல் அவரையே ஐரோப்பிய விவகாரங்களுக்கான சிறப்புப் பிரதிநிதியாக அமர்த்தியது. ‘சீனத் தூதரின் பேச்சால் பெய்ஜிங்குக்குச் சங்கடம்’ என்று அடுத்த முறை யாரேனும் எழுதினால், இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும்படி உதவி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, தமிழ் வாசகர்களுக்குத் தில்லியைவிட நெருக்கமான கொழும்பு. அங்கே 2020 இறுதியில் சீனத் தூதராக வந்த கி சென்ஹொங், அதற்குமுன் சீன வெளியுறவு அமைச்சகத்தின் ஆய்வு நிறுவனமான சீனப் பன்னாட்டு ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர். கோப்புகளோடும் கட்டுரைகளோடும் பழகிய மனிதர். யாழ்ப்பாணத்தை ஒட்டிய நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றில் சீன நிறுவனம் ஒன்று மேற்கொள்ளவிருந்த மின்திட்டம் இந்தியாவின் ஆட்சேபத்தால் 2021 டிசம்பர் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கவலையே காரணம் என்று சீனத் தூதரகம் கசப்போடு அறிவித்தது. இரண்டு வாரங்களில் தூதர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். மேற்சட்டையில்லாமல் வேட்டி கட்டிக்கொண்டு நல்லூர் கந்தசுவாமி கோயிலில் வழிபட்டார்; யாழ் பொது நூலகத்துக்குப் போனார்; மன்னாரிலிருந்து படகில் சென்று ராமர் பாலத்தின் மணல்திட்டுகளைப் பார்த்தார். நல்லூரில் எடுத்த படத்தைத் தமிழகத்துப் பத்திரிகைகள் வியப்போடு வெளியிட்டன.

எட்டு மாதம் கழிந்தது. 2022 ஆகஸ்ட் 16 அன்று யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் நின்றது. அந்த மாத இறுதியில் அதே தூதர் கொழும்புப் பத்திரிகையில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். வடக்கே உள்ள அண்டை நாட்டின் ஆக்கிரமிப்பைப் பதினேழு முறை வென்ற தீவு இலங்கை என்று அதில் சொன்னார். அடிப்படைத் தூதரக மரபை மீறியது அவருடைய தனிப்பட்ட குணமாக இருக்கலாம், அல்லது ஒரு நாட்டின் ஒட்டுமொத்த மனப்போக்கைக் காட்டுவதாக இருக்கலாம் என்று கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகம் கூர்மையாகவே பதில் தந்தது. ‘இந்தியா - சீனா வார்த்தைப் போர்’ என்று நாம் செய்தி போட்டோம். இலங்கை வரலாற்றில் வடக்கிலிருந்து வந்த படைகள் என்றால் அவை பெரும்பாலும் யாருடைய படைகள் என்பதை ஒருவரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை. சோழரும் பாண்டியருமே அந்த ‘வடக்கு அண்டை’. சிங்களத் தேசியவாதத்தின் மிகப் பழைய கணக்கை எடுத்து இன்றைய இந்தியாவின்மீது வைத்தவர், நல்லூரில் வேட்டியோடு நின்றவர்தான். ஆய்வு நிறுவனத் தலைவராக இருந்த ஒருவர் அறியாமல் எழுதிய வரி அது என்று நான் நம்பவில்லை. எந்த வாசகரை எட்ட வேண்டும் என்று தெரிந்தே அவர் அதை எழுதினார், யாழ்ப்பாணத்துக்குப் போனதும் அப்படித்தான்.

சீன வானொலியின் தமிழ்ச் சேவை 1963 ஆகஸ்டில், எல்லைப் போர் முடிந்து ஓராண்டு ஆவதற்குள், தொடங்கப்பட்டது என்பதை நம் நேயர் மன்றத்தார் அறிவார்கள். அன்றிலிருந்து தமிழ் படித்த சீனர்கள் அங்கே இருந்துகொண்டே இருக்கிறார்கள். நாம் எழுதுவதைப் படிக்க அவர்களிடம் ஆள் இருக்கிறது. அவர்கள் எழுதுவதைத் தமிழில் படிக்க நமக்குத் தங்களைப் போன்ற நாளிதழ்களை விட்டால் வழியில்லை.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. தில்லியிலோ கொழும்பிலோ உள்ள சீனத் தூதர் பேசியதைச் செய்தியாக்கும்போது அவர் பெயரையும், அவர் முன்னர் தூதராக இருந்த நாடுகளையும், அமைச்சகத்தில் அவர் பார்த்த பிரிவையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு வரிக்கு மேல் ஆகாது. அவர் மாற்றலாகிப் போன பிறகு எந்தப் பதவிக்குப் போனார் என்பதையும் ஒரு சிறு செய்தியாக வெளியிடுங்கள். கி சென்ஹொங்கின் 2022 கட்டுரையையும் அதற்கு இந்தியத் தூதரகம் தந்த பதிலையும், காலம் கடந்துவிட்டது என்று எண்ணாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் முழுமையாகத் தமிழாக்கி வெளியிட இயலுமானால், அதற்காக அன்றைய இதழில் இரண்டு பிரதி கூடுதலாக வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்,
ராமகிருஷ்ணபுரம்,
புது தில்லி.